ட்ரேசி சாப்மனின் ‘ஃபாஸ்ட் கார்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பாடகி ட்ரேசி சாப்மன் பாடி 1988இல் வெளிவந்த ‘ஃபாஸ்ட் கார்’ 2023இல் லூக் கோம்ப்ஸ் என்ற வேறொருவர் குரலில் திரும்பி வந்தது. மறுவருடம் கிராமி மேடையில் இரண்டு குரலும் சேர்ந்து ஒலித்தபோது புதிதாகப் பலர் அந்தப் பாட்டின் பக்கம் வந்தார்கள். தலைப்பைப் பார்த்து ஜாலியாக ஊர் சுற்றும் பாட்டு என்று நினைத்தவர்கள் உண்டு. வருடக்கணக்காகக் கேட்டும் கடைசிச் சரணத்தைக் கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு. இரு தரப்பாருக்கும் பயன்படட்டும் என்று, வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பாட்டின் வரிகளைத் தரவில்லை, கதையை என் வார்த்தைகளில் சொல்கிறேன்.

இது யாருடைய பாட்டு? எப்போது வந்தது?

எழுதியது, மெட்டமைத்தது, பாடியது, அந்தக் கிடாரை வாசித்தது எல்லாமே ட்ரேசி சாப்மன்தான். அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பத்தில் இரண்டாவது பாட்டு. 1988 ஏப்ரலில் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது 24. பாட்டின் நீளம் ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

பாட்டில் என்னதான் நடக்கிறது?

கதை சொல்பவள் ஒரு இளம்பெண். பெயர் கிடையாது. காதலனிடம் வேகமாக ஓடும் கார் ஒன்று இருக்கிறது, அவளிடம் ஒரு திட்டம் இருக்கிறது. சின்னக் கடையில் வேலை பார்த்துக் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறாள். ரொம்ப தூரம் போக வேண்டாம், எல்லையைத் தாண்டி நகரத்துக்குள் போனால் போதும், இருவருக்கும் வேலை கிடைத்துவிடும், வாழ்வது என்றால் என்னவென்று அப்போது தெரியும் என்கிறாள்.

ஏன் போக வேண்டும் என்பது மூன்றாவது சரணத்தில்தான் தெரிகிறது. அப்பா குடிக்கு அடிமை. வேலைக்குப் போகிற உடம்பு இல்லை என்கிறார், ஆனால் அந்த உடம்பு அப்படி ஆகிற வயது அவருக்கு இன்னும் வரவில்லை. இந்த மனிதரால் தர முடிந்ததைவிடக் கூடுதலாக வாழ்க்கையிடம் வேண்டும் என்று அம்மா கிளம்பிப் போய்விட்டாள். அப்பாவை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று மகள் படிப்பை நிறுத்திவிட்டாள். இவ்வளவையும் அழாமல், குரலை உயர்த்தாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் விவரம் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறாள். அந்த நிதானம்தான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது.

நகரத்துக்கு வந்தாயிற்று. அவனுக்கு இன்னும் வேலை இல்லை. அவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். தங்கியிருப்பது வீடில்லாதவர்களுக்கான காப்பகத்தில். அவனுக்கும் வேலை கிடைக்கும், எனக்கும் பதவி உயர்வு வரும், இங்கிருந்து கிளம்பிப் பெரிய வீடு வாங்கிப் புறநகரில் குடியேறலாம் என்று நம்புகிறாள்.

அடுத்த சரணத்துக்குள் வருடங்கள் ஓடிவிட்டன. பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுச் செலவு முழுவதும் அவள் சம்பளத்தில் நடக்கிறது. அவன் இரவு வெகுநேரம் மதுக்கடையில் இருக்கிறான், பெற்ற பிள்ளைகளைவிடக் கூட்டாளிகளைத்தான் அதிகம் பார்க்கிறான். அப்போது அவள் சொல்கிறாள்: எனக்குத் திட்டம் எதுவும் இல்லை, நான் எங்கும் போகப்போவதில்லை, உன் காரை எடுத்துக்கொண்டு நீ போய்க்கொண்டே இரு.

அப்படியானால் இது தப்பித்து ஓடும் பாட்டு இல்லையா?

பாதிவரை அப்படித்தான். அதற்கு மேல் அது வேறு பாட்டாகிவிடுகிறது.

சொந்த ஊரின் வறுமையிலிருந்து காரில் ஏறித் தப்பிப்பது அமெரிக்கப் பாட்டுகளில் பழகிய கதை. பெரும்பாலும் ஓட்டுகிறவன் ஆண், பக்கத்து இருக்கையில் பெண், பாட்டு முடியும்போது வண்டி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும். அவர்கள் போய்ச் சேர்ந்த ஊரில் வாடகை யார் கொடுத்தார்கள் என்று அந்தப் பாட்டுகள் கேட்பதில்லை. ‘ஃபாஸ்ட் கார்’ அதைக் கேட்கிறது. தப்பித்த பிறகு வரும் திங்கட்கிழமை, அதற்கடுத்த திங்கட்கிழமை, பிள்ளை பிறந்த பிறகான திங்கட்கிழமை என்று அது போகிறது.

பலர் இதைச் சோகச் சுழல் என்று வாசிக்கிறார்கள். அப்பாவிடமிருந்து தப்பித்தவள் அப்பாவைப் போன்ற இன்னொருவனிடமே மாட்டிக்கொண்டாள், அம்மாவின் கதையே மகளுக்கும் நடந்தது என்பார்கள். முதல் பாதி சரி. ஆனால் அம்மா செய்ததை மகள் செய்யவில்லை என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். அம்மா போய்விட்டாள், மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று அதற்கு விலை கொடுத்தாள். இவள் போகவில்லை. வேலையும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, போக வேண்டியவன் நீ என்கிறாள். இன்றிரவே கிளம்புவதா, இப்படியே வாழ்ந்து சாவதா என்ற கேள்வி முதலில் இருவருக்குமானதாக வருகிறது. கடைசியில் அதை அவன் கையில் மட்டும் கொடுத்துவிடுகிறாள். ஆரம்பத்தில் அவன் காரை நம்பி இருந்தவளுக்கு முடிவில் அந்தக் கார் தேவைப்படவில்லை. உழைத்துச் சம்பாதிக்கிற பெண் தன் கணக்கைப் பார்த்து எடுத்த முடிவு இது. சந்தோஷமான முடிவு என்று சொல்ல மாட்டேன், தோல்வி என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பல்லவி மட்டும் ஏன் அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது?

அது ஒரு நினைவு என்பதால். அவனோடு காரில் வேகமாகப் போன ஒரு இரவு, கண் முன்னே நகரத்தின் விளக்குகள், தோளைச் சுற்றி அவன் கை, நானும் ஒரு ஆளாகிவிடலாம் என்று தோன்றிய அந்தக் கணம். நான்கு சரணங்கள் முடிந்த பிறகுதான் பல்லவியே வருகிறது. அதுவரை அடக்கி வைத்த டிரம்ஸும் அங்கேதான் முழுமையாக நுழைகிறது. கேட்பவருக்கும் மார்பு விரிகிறது.

மூன்று முறை வரும் அந்தப் பல்லவியில் வரிகள் மாறுவதில்லை. அவள் நிற்கும் இடம்தான் மாறுகிறது. முதல் தடவை கேட்கும்போது அது கிட்டத்தில் நடந்ததாக இருக்கிறது. மூன்றாவது தடவைக்குள் அந்த இரவு பல வருடம் பின்னால் போய்விட்டது. இவ்வளவு காலம் அவள் எதைப் பிடித்துக்கொண்டு அவனோடு இருந்தாள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

காப்பகம், புறநகர், பில் போடும் வேலை எல்லாம் ஏன் வருகின்றன?

ஒவ்வொன்றும் அன்றைய அமெரிக்க ஏழைக்கு ஒரு படி. கூட்டாட்சி அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 1981 முதல் 1990 வரை மணிக்கு 3 டாலர் 35 சென்ட்டிலேயே நின்றுவிட்டது. அந்தக் கூலியில் வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தால் 134 டாலர். விலைவாசி மட்டும் நிற்கவில்லை. கல்லா வேலைக்குப் போகும் ஒரு பெண் ஏன் வீடு எடுக்க முடியாமல் காப்பகத்தில் இருக்கிறாள் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். 1980களில் அமெரிக்க நகரங்களில் வீடற்றவர்கள் கண்முன்னே பெருகினார்கள், காப்பகங்களும் பெருகின.

புறநகர் வீடு என்பது நடுத்தர வர்க்கத்துக்குள் நுழைந்துவிட்டதற்கான அடையாளம். அரசின் ஆதரவோடு கிடைத்த வீட்டுக்கடன்கள் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் வெள்ளையருக்கே போய்ச் சேர்ந்தன. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குக் கடன் மறுக்கப்பட்டது. வீட்டு விஷயத்தில் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1968இல்தான் வந்தது. பாட்டில் வருபவர்களின் நிறம் சொல்லப்படவில்லை. அதனால்தான் எந்த நிறத்து ஏழையும் இதைத் தன் கதையாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

இது ட்ரேசி சாப்மனின் சொந்தக் கதையா?

இல்லை. தன்னிடம் அப்படியொரு கார் இருந்ததே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். சேர்ந்து ஒரு வாழ்க்கையை அமைக்கப் பாடுபடும் ஒரு ஜோடியின் கதை, தான் வளர்ந்த உலகத்தின் பொதுவான சாயல் அதில் இருக்கிறது, தன் பெற்றோரைப் பற்றிய நினைப்பும் கலந்திருக்கிறது என்பதுதான் அவருடைய விளக்கம்.

அவர் 1964 மார்ச் 30 அன்று ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் பிறந்தவர். நான்கு வயதில் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், அம்மாதான் வளர்த்தார். கையில் காசு இல்லாத வீட்டில், மூன்று வயது மகளுக்கு யுகுலேலி என்ற சின்னக் கிடார் போன்ற வாத்தியம் வாங்கிக் கொடுத்த அம்மா அவர். எட்டு வயதில் கிடார் வந்தது, பாட்டு எழுதுவதும் அப்போதே தொடங்கிவிட்டது.

கிளீவ்லாந்து அப்போது எப்படி இருந்தது?

எஃகு ஆலைகளும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர், அவை ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்த காலம். 1950இல் சுமார் 9 லட்சத்து 15 ஆயிரம் பேர் இருந்த நகரம், 1990இல் சுமார் 5 லட்சத்து 6 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. 1969இல் நகரத்தின் நடுவே ஓடும் கையஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெயும் கழிவும் தீப்பிடித்து எரிந்தன. 1978 டிசம்பரில் நகராட்சியால் வங்கிக்கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போனது. 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு அந்த நிலைக்கு வந்த முதல் பெரிய அமெரிக்க நகரம் அது. ட்ரேசிக்கு அப்போது 14 வயது. வேலை போன அப்பாக்களும், வீட்டைத் தாங்கிய அம்மாக்களும், எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்ற பிள்ளைகளும் அவர் கண்டு வளர்ந்த தெருவில் இருந்தார்கள்.

அவர் அங்கிருந்து எப்படி வெளியே வந்தார்?

படிப்பால். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளை நல்ல பள்ளிகளில் சேர்க்கும் ‘எ பெட்டர் சான்ஸ்’ என்ற திட்டத்தின் உதவித்தொகை கிடைத்து, கனெக்டிகட் மாநிலத்தின் வூஸ்டர் பள்ளிக்குப் போனார். பாட்டில் வரும் பெண் படிப்பை விட்டாள், எழுதியவர் விடாமல் இருக்க வழி கிடைத்தது. இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரு உதவித்தொகை அளவுதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அந்தப் பள்ளியில் புது கிடார் வாங்க அவருக்காகப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். பிறகு பாஸ்டன் அருகே டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்து 1987இல் பட்டம் பெற்றார். படித்துக்கொண்டே ஹார்வர்ட் சதுக்கத்திலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் கிடாரோடு நின்று பாடினார், காபி கடைகளில் பாடினார்.

மாணவியாக இருந்தவரை இசை நிறுவனம் எப்படிக் கண்டுபிடித்தது?

தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரான ஒரு மாணவர் போராட்டம் வழியாக. டஃப்ட்ஸில் அந்தப் போராட்டத்தை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவர் பிரையன் காப்பல்மன் என்ற மாணவர். கூட்டத்தில் பாட ஆள் தேடியபோது ட்ரேசியின் பெயரை யாரோ சொல்ல, காபி கடையில் போய்க் கேட்டு அசந்துபோனார். அவருடைய தந்தை சார்ல்ஸ் காப்பல்மன் இசைப் பதிப்புத் துறையில் பெரிய கை. ட்ரேசி முதலில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. கல்லூரி வானொலி நிலையத்தில் அவர் பதிவு செய்திருந்த ஒலிநாடாவின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் பிரையன் தந்தையிடம் சேர்த்தார். அதிலிருந்து எலெக்ட்ரா ஒப்பந்தம்வரை போனது.

பதிவில் ஏன் இவ்வளவு குறைவான வாத்தியங்கள்?

அதற்காகத் தயாரிப்பாளர் டேவிட் கெர்ஷன்பாமுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1980களின் நடுவில் வானொலியை ஆண்டது சிந்தசைசரும் எதிரொலிக்கும் மின்னணு டிரம்ஸும். தனியாகக் கிடாரோடு பாடும் பெண்ணின் ஆல்பத்தை எடுத்துச் செய்யப் பல தயாரிப்பாளர்கள் முன்வரவில்லை. கெர்ஷன்பாம் 1970களில் ஃபோக் பாடகி ஜோன் பயஸின் ஆல்பத்தைத் தயாரித்தவர், ஒரு குரலையும் ஒரு கிடாரையும் எப்படி மதிப்பது என்று தெரிந்தவர். ட்ரேசி எப்படிப் பாடுகிறாரோ அப்படியே பதிய வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். பேஸ் கிடார் லாரி க்ளைன், டிரம்ஸ் டென்னி ஃபாங்ஹைசர். ஹாலிவுட்டில் கெர்ஷன்பாமின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை நடந்தது.

அந்தக் கிடார் சுற்று திரும்பத் திரும்ப வந்தும் ஏன் சலிக்கவில்லை?

வாசிக்க முயல்கிறவர்களுக்கு முதலில் விவரம்: தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை இரண்டாம் கட்டத்தில் போட்டுக்கொண்டு சி மேஜர் செவன், ஜி, ஈ மைனர், டி என்ற கார்டு வடிவங்களை விரலால் மீட்ட வேண்டும். காதுக்கு வருவது ஏ மேஜர் சுருதி. நான்கே கோர்வைகள் (கார்டுகள்), பாட்டு முழுக்க அவ்வளவுதான்.

ரகசியம் வரிசையில் இருக்கிறது. சங்கராபரணத்தின் ஸ்வரங்களை மனதில் வைத்துப் பார்த்தால், சுற்று மத்யமத்தின் கோர்வையில் தொடங்குகிறது, போகிற வழியில் சட்ஜமத்தைத் தொடுகிறது, பஞ்சமத்தின் கோர்வையில் வந்து நிற்கிறது. சட்ஜமத்தில் போய் உட்கார்ந்து முடிவதே இல்லை. காது ‘வீட்டுக்கு வந்தாயிற்று’ என்று ஓய்வெடுக்க இடம் கிடைப்பதற்குள் அடுத்த சுற்று ஆரம்பித்துவிடுகிறது. இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று அவள் நம்பிக்கொண்டே போவதைக் கிடார் தானாகச் சொல்லிவிடுகிறது. சரணத்தில் மீட்டும் விரல்கள் பல்லவியில் தந்திகளை மொத்தமாகத் தட்டுவதாக மாறுகின்றன. அந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கிறது.

வெம்ப்ளி மேடையில் என்ன நடந்தது?

1988 ஜூன் 11. நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்த நாளை முன்னிட்டு லண்டன் வெம்ப்ளி அரங்கில் பெரும் இசைநிகழ்ச்சி. மண்டேலா அப்போது சிறையில் இருந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. புதுமுகமான ட்ரேசி பகலில் வந்து தன் பாட்டுகளைப் பாடிவிட்டு இறங்கிவிட்டார்.

மாலையில் ஸ்டீவி வொண்டர் பாட வேண்டும். அவருடைய சின்க்ளேவியர் என்ற மின்னணு இசைக்கருவிக்கான ஹார்டு டிஸ்க் காணவில்லை. முன்கூட்டிப் பதிந்து வைத்த இசைப் பகுதிகள் எல்லாம் அதில்தான். அது இல்லாமல் மேடையேற முடியாது என்று அவர் மனம் உடைந்து வெளியேறிவிட்டார். காத்திருக்கும் கூட்டத்துக்கு யாரையாவது உடனே அனுப்ப வேண்டும். எந்தக் கருவியையும் பூட்டி இணைக்கத் தேவையில்லாதவர் ஒருவர் இருந்தார். ட்ரேசி ஒரு கிடாரோடு திரும்ப ஏறி ‘ஃபாஸ்ட் கார்’ பாடினார்.

அந்தக் காட்சியின் பதிவு இன்றும் பார்க்கக் கிடைக்கிறது, தவறவிடாதீர்கள். முதலில் அரங்கம் சலசலத்துக்கொண்டிருக்கிறது. அவர் கூட்டத்தைக் கவர எதுவும் செய்வதில்லை. பாட்டை மட்டும் பாடுகிறார், மெல்ல மெல்லக் கூட்டம் அவரிடம் வந்துவிடுகிறது. அடுத்த வாரங்களில் ஆல்பம் விறுவிறுவென விற்றது. பாட்டு பிரிட்டனில் 5ஆம் இடத்துக்கும் ஆகஸ்டில் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 6ஆம் இடத்துக்கும் வந்தது. ஆல்பம் இரு நாடுகளிலும் முதலிடம் பிடித்தது. நிறவெறி எதிர்ப்புக் கூட்டத்துக்குப் பாட ஆள் தேடியதில் கண்டெடுக்கப்பட்டவரை உலகம் அறிந்துகொண்டதும் நிறவெறிக்கு எதிரான மேடையில்தான். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த தொடர்பு இது.

அவர் இந்தியாவில் பாடியிருக்கிறாரா?

ஆம். அதே 1988இல் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் ‘ஹ்யூமன் ரைட்ஸ் நவ்’ என்ற உலகச் சுற்றுப்பயணத்தை நடத்தியது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், யூசு ந்தூர் ஆகியோருடன் ட்ரேசியும் அதில் இருந்தார். செப்டம்பர் 30 அன்று டெல்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் நிகழ்ச்சி நடந்தது.

விருதுகள்?

1989 கிராமியில் இந்தப் பாட்டுக்குச் சிறந்த பாப் பாடகி விருது. சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே. ஆல்பம் சமகால ஃபோக் பிரிவில் வென்றது. வருடத்தின் சிறந்த பாட்டு என்ற பெரிய விருது பாபி மெக்ஃபெரினின் பாட்டுக்குப் போய்விட்டது.

இதை வேறு யாரெல்லாம் பாடியிருக்கிறார்கள்?

நிறையப் பேர். 2011இல் பிரிட்டனின் திறமைப் போட்டி நிகழ்ச்சி ஒன்றில் ஒருவர் இதைப் பாட, மூலப் பாட்டே மறுபடி பிரிட்டன் பட்டியலில் ஏறி 4ஆம் இடம் பிடித்தது. 1988இல் பிடித்ததைவிட ஒரு படி மேல். 2015 கடைசியில் இசைத் தயாரிப்பாளர் ஜோனஸ் ப்ளூ, டகோட்டா என்ற பாடகியின் குரலில் ஒரு நடன வடிவம் வெளியிட்டார், அது பிரிட்டனில் 2ஆம் இடம் வரை போனது. தாளம் துள்ளுகிறது, கதை அதனடியில் அமுங்கிவிடுகிறது. எனக்கு அது ஒட்டவில்லை.

லூக் கோம்ப்ஸ் வடிவத்தில் என்ன விசேஷம்?

வட கரோலினாவைச் சேர்ந்த, கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசைப் பாடகர் அவர். சிறு வயதில் தந்தையோடு வண்டியில் போகும்போது கேட்டுக் கேட்டு மனதில் பதிந்த பாட்டு என்று சொல்லியிருக்கிறார். 2023 மார்ச்சில் தன் ஆல்பத்தில் பாடினார். பில் போடும் பெண் என்று வரும் இடத்தைக்கூட ஆணாக மாற்றவில்லை. கதை அவளுடையது, நான் பாடுகிறேன், அவ்வளவுதான் என்ற அந்தப் பணிவு மதிக்கத்தக்கது.

பாட்டு ஹாட் 100 பட்டியலில் 2ஆம் இடம் வந்தது, மூலத்தைவிட மேலே. ஜூலையில் கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம். தனியாக எழுதிய பாட்டு ஒன்று அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார் ட்ரேசி. நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ‘வருடத்தின் சிறந்த பாட்டு’ விருது, எழுதியவருக்கு வழங்கப்படுவது, அவருக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவர்.

இதில் ஏன் சர்ச்சை எழுந்தது?

கன்ட்ரி வானொலியில் கறுப்பினப் பெண்களின் குரல் அபூர்வம். அப்படியிருக்க, ஒரு கறுப்பினப் பெண் எழுதிய பாட்டு வெள்ளைக்கார ஆண் பாடினால்தான் அங்கே முதலிடம் பிடிக்குமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதை கோம்ப்ஸ் என்ற தனிமனிதர் மேல் சுமத்துவது நியாயமில்லை, வானொலியை நடத்துகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். ட்ரேசி தன் பாட்டு கன்ட்ரி பட்டியலில் இருப்பது தனக்குக் கௌரவம் என்றும் கோம்ப்ஸின் வெற்றியில் மகிழ்ச்சி என்றும் தெரிவித்தார். கன்ட்ரி இசை அவருக்கு அந்நியமும் இல்லை. சிறுமியாக இருந்தபோது தொலைக்காட்சியில் ‘ஹீ ஹா’ என்ற கன்ட்ரி நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் கிடார் மேல் ஆசை வந்தது.

பாட வேறொருவர் எடுத்துக்கொண்டால் எழுதியவருக்கு என்ன கிடைக்கும்?

அமெரிக்கச் சட்டப்படி, ஒருமுறை வெளிவந்த பாட்டை யார் வேண்டுமானாலும் நிர்ணயித்த உரிமைத்தொகையைக் கட்டிவிட்டுப் புதிதாகப் பாடிப் பதியலாம். தனி அனுமதி தேவையில்லை. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: அமெரிக்காவின் சாதாரண வானொலி நிலையங்கள் பாட்டை ஒலிபரப்பும்போது பணம் போவது எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான், பாடியவருக்குக் கிடையாது. ஆக 2023 முழுக்க வானொலியில் கோம்ப்ஸ் குரல் ஒலித்த ஒவ்வொரு முறையும் உரிமைத்தொகை ட்ரேசி பக்கம் போனது.

பாட்டின் மெட்டையோ வரிகளையோ எடுத்துப் புதுப் பாட்டுக்குள் வைப்பது வேறு, அதற்குக் கட்டாயம் அனுமதி வேண்டும். அந்த விஷயத்தில் ட்ரேசி மிகவும் கண்டிப்பானவர். அதே முதல் ஆல்பத்தில் உள்ள ‘பேபி கேன் ஐ ஹோல்ட் யூ’ பாட்டைத் தன் அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக ராப் பாடகி நிக்கி மினாஜ் மேல் 2018இல் வழக்குத் தொடர்ந்தார். 2021இல் 4 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வழக்கு முடிவுக்கு வந்தது.

2024 கிராமியில் நடந்ததை ஏன் எல்லோரும் இன்னும் பேசுகிறார்கள்?

பிப்ரவரி 4 அன்று, வருடக்கணக்காக மேடைப்பக்கம் வராத ட்ரேசி வந்தார் என்பதே முதல் காரணம். முதலில் தெரிந்தது கிடாரில் அந்தச் சுற்றை மீட்டும் விரல்கள். கேமரா மெல்ல நகர்ந்து முகத்துக்கு வந்ததும் அரங்கம் ஆர்ப்பரித்தது, அவர் முகம் மலர்ந்தது. கோம்ப்ஸ் அவரைப் பார்த்துக்கொண்டே பாடினார், தன் முறை இல்லாதபோதும் அவர் உதடுகள் வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தன. முடிந்ததும் ட்ரேசியை நோக்கிக் குனிந்து வணங்கினார். ஒருவர் பாட்டுக்கு இன்னொருவர் எப்படி மரியாதை செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் அந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

அவர் இப்போது ஏன் புதிதாகப் பாடுவதில்லை?

எட்டாவது ஆல்பம் 2008இல் வந்தது, அதற்கடுத்த வருடத்தோடு சுற்றுப்பயணங்களும் நின்றன. தொலைக்காட்சியில் மிக அபூர்வமாகத் தோன்றினார். புகழ் உச்சத்தில் இருந்த நாட்களிலேயே அவர் தன் சொந்த வாழ்க்கையைப் பொதுவில் வைத்ததில்லை. விலகியிருப்பது அவர் விருப்பம், அதற்குக் காரணம் தேடிக் கதை கட்ட வேண்டியதில்லை.

முதல்முறை கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

1988 பதிவில், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. பிறகு வெம்ப்ளி, பிறகு கிராமி. அதற்குப் பிறகு ஆல்பத்தின் பதினொரு பாட்டையும் வரிசையாகக் கேளுங்கள். 2025 ஏப்ரலில் அது வினைல் தட்டாக மறுபடி வெளிவந்திருக்கிறது. நான்காவது பாட்டு ‘பிஹைண்ட் தி வால்’, வாத்தியமே இல்லாமல் பாடியது. பக்கத்து வீட்டில் அடி வாங்கும் பெண்ணின் அலறலையும் தாமதமாக வரும் போலீஸையும் பற்றியது. ஏழாவது ‘ஷீ’ஸ் காட் ஹர் டிக்கெட்’. அதில் ஒரு பெண் யார் காரையும் எதிர்பார்க்காமல், கையில் பயணச்சீட்டோடு தனியாகவே கிளம்புகிறாள். ‘ஃபாஸ்ட் கார்’ கேட்டு முடித்த கையோடு அதைக் கேட்டுப் பாருங்கள்.